புத்தூர் தெரியும், கூத்தூர் எங்கிட்டு இருக்கு?

வா பேரப்புள்ள, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்ன பளபளன்னு? காலேஜ் நோட்டீஸா? பேஷன் டிசைனிங் படிக்கப் போறியாக்கும். நல்லதுதான். பீஸ் எம்புட்டுன்னு நான் கேக்க மாட்டேன். நேத்து உங்கப்பன் மொகத்தப் பாத்தேன், அதுலயே ரசீது ஒட்டியிருந்துச்சு.

என்னமோ ஒரு வார்த்தை சொன்னியே, அத இன்னொருக்கா சொல்லு. ஹோட் கூத்தூரா? எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தெரியும். அங்கிட்டு சேத்தூர் தெரியும். கூத்தூர் எங்கிட்டு இருக்கு? தென்காசி பஸ்ல ஏறணுமா? சிரிக்காதப்பா, தெரியாமத்தான கேக்குறேன்.

பாரிஸ்ல இருக்கா! சரி. ஆளுக்கு ஆளு அளவெடுத்து, கையால தைக்கிற உசந்த தையலாம். நம்ம ஊர்ல அளவெடுத்துத் தைச்சா அதுக்குப் பேரு தையக்கூலி. அங்க தைச்சா கூத்தூர். அந்தப் பேரக்கூட கண்டவனும் போட்டுக்கிற முடியாதாம்ல. 1945ல இருந்து அதுக்குச் சட்டதிட்டம் இருக்கு. பாரிஸ்ல பட்டறை இருக்கணும், இத்தன ஆளு வேலை பாக்கணும், வருசத்துக்கு இத்தன உடுப்பு காட்டணும்னு ஒரு கூட்டம் உக்காந்து கணக்குப் பாக்கும். இதுல வாயப் பொளக்க என்ன இருக்கு? நம்ம புத்தூர் பால்கோவாவுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்கள்ல? மதுரையில கிண்டிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவான்னு பேரு வச்சா விடுவமா? வெள்ளைக்காரன் துணிக்குச் செஞ்சான், நாம பாலுக்குச் செஞ்சோம். அம்புட்டுத்தான்.

இந்தக் கூத்த ஆரம்பிச்ச ஆளு பிரெஞ்சுக்காரனே இல்ல, தெரியுமா? சார்லஸ் பிரெடரிக் வொர்த்துன்னு ஒரு இங்கிலீஷ்காரன். 1825ல பொறந்தவன். சின்ன வயசுலயே லண்டன் துணிக்கடையில வேலைக்குச் சேந்த பய. பெறகு பாரிஸ்க்குப் போயி, அங்கயும் துணிக்கடைதான். 1858ல ஒரு கூட்டாளியோட சொந்தக் கடை போட்டான். அதுவரைக்கும் எப்படி? வீட்டுக்காரம்மா துணியக் குடுப்பா, இப்படி வேணும் அப்படி வேணும்பா, தையக்காரி தலையாட்டிட்டுத் தைப்பா. வொர்த்து அதத் தலைகீழாத் திருப்பிட்டான். நான் தைச்சு வச்சிருக்கேன், நீ பாத்து எடுத்துக்கோன்னுட்டான். பிரான்ஸ் மகாராணி யூஜினியே சரின்னு போட்டுக்கிட்டா. நாம இதப் பாக்காததா? தீவாளிக்கு மொத நாளு நம்ம டெய்லர்கிட்ட எவனாவது வாயத் தொறக்க முடியுமா? அவன் வச்சதுதான் கையி, அவன் விட்டதுதான் காலு.

வொர்த்து இன்னொண்ணு செஞ்சான். தைச்ச உடுப்ப மொதல்ல பொண்டாட்டி மேரிக்கு மாட்டிவிட்டு நாலு பேரு பாக்க நடக்க விட்டான். பாத்தவுக கேட்டு வாங்குனாக. இதுல இருந்துதான் மாடல், பூனை நடை எல்லாம் கெளம்புச்சுன்னு பொஸ்தகத்துல எழுதி வச்சிருக்கான். எனக்கு ஒரே சிரிப்பு. மொதல்ல தான் போட்டு அழகு பாத்துட்டுப் பெறகு குடுத்தவ எங்க ஊர்ல எத்தனை நூறு வருசமாக் கோயில் கொண்டிருக்கா! சூடிக் குடுத்தவ. அவ சூடுன மால இன்னிக்கும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகுது. ஒரு தடவ போட்டதுன்னு எவனாவது வெலயக் கொறைச்சானா? போட்டதுனாலதான் மதிப்பு. கார்த்திகையில கைசிக ஏகாதசிக்குப் போயிப் பாரு. குளிருக்கு அடக்கமா அவளுக்கு 108 வஸ்திரம் ஒண்ணு மேல ஒண்ணாச் சாத்துவாக. உங்க பாரிஸ்காரன் வாரக்கணக்குல காட்டுறத அவ ஒத்த ராத்திரியில காட்டிருவா. அவ கையில இருக்கே கிளி, அது தெனம் புதுசு. எலையும் நாருமா வச்சுக் கட்டி, மூக்குக்கு ஒரு மாதுளம்பூ. சாயந்தரம் சாத்துனது மறுநா பழசு. இதுக்கு மேல என்னப்பா பேஷன்?

சரி, வெளையாட்டு போதும். நீ படிக்கப் போற படிப்புக்கு நம்ம நாட்டுல ஒரு முன்னோடி அம்மா உண்டு. ரீத்து குமார். பேரு கேள்விப்பட்டிருக்கியா? விளம்பரத்துல பாத்தியாக்கும். அந்தம்மா கதையத்தான் நீ கேக்கணும், நோட்டீஸ்ல அதப் போட்டிருக்க மாட்டான்.

1944ல அமிர்தசரஸ்ல பொறந்தது. டெல்லியில லேடி இர்வின் காலேஜு. பெறகு அமெரிக்காவுல போயி ஓவிய வரலாறு படிச்சிச்சு. திரும்பி வந்து கல்கத்தாவுல மியூசியப் படிப்பு. தைக்க எங்க படிச்சதுன்னு கேளு. எங்கயும் இல்ல! அப்ப ஏதுப்பா டிசைன் காலேஜு? நிப்ட்டுங்கிறாகளே, அதே 1986லதான் வந்துச்சு. அதுக்குப் பதினேழு வருசம் முந்தி, 1969லயே இந்தம்மா கடையத் தொடங்கிருச்சு. மூலதனம் என்ன? ரெண்டு மேச, நாலு அச்சுக்காரங்க. அம்புட்டுத்தான். உன் லேப்டாப்பு வெலைக்கு ஆகாது.

கல்கத்தாவுக்கு வடக்க, ஆத்தங்கரையில செராம்பூர்னு ஒரு ஊரு. ஒரு காலத்துல டென்மார்க்காரன் வச்சிருந்த ஊரு. அங்க கட்டை அச்சு போடுறவுக இருந்தாக. அந்த வேலை எப்படின்னு தெரியுமா? மரக்கட்டையில பூவச் செதுக்கியிருப்பாக. அதச் சாயத் தட்டுல ஒத்தி, துணி மேல வச்சு, பின்னால உள்ளங்கையால ஒரு குத்து. ஒரு நெறத்துக்கு ஒரு கட்டை. அஞ்சு நெறம்னா அஞ்சு கட்டை, அஞ்சும் வந்து அதே எடத்துல உக்காரணும். ஒரு மயிரிழை தள்ளிருச்சுன்னா பூவுக்கு ரெண்டு மூக்கு மொளைச்சிரும். நாள் பூரா நின்னுக்கிட்டே குத்தணும். மில்லுத் துணி வந்து இந்தப் பொழப்புல மண்ணப் போட்டுருச்சு. அந்தப் புள்ள அங்க போயி நின்னிருக்கு. மியூசியத்துலயும் பழைய சேகரிப்புலயும் கண்ட பழைய பூவு, கொடியெல்லாம் மனசுல இருக்கு. அது போட்ட கையி எங்கன்னு தேடிப் போயிருக்கு. அந்தத் தேடல்தாம்ப்பா சங்கதி. எனக்குப் பிடிச்சதும் அதுதான்.

அதே மாதிரிதான் சர்தோசி. கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதுல துணிய மத்தளம் கணக்கா இழுத்துக் கட்டி, நாலு பக்கமும் ஆளு உக்காந்து ஜரிகக் கம்பியும் மணியும் வச்சுக் குத்துற வேலை. ராசாக்க இருந்தவரைக்கும் அதுக்குச் சோறு இருந்துச்சு. ராசாக்க போனாக, சோறும் போச்சு. கிராமத்துல கெடந்த அந்த வேலைக்காரங்களத் தேடிப் பிடிச்சு, கல்யாணப் பொண்ணு உடுப்புக்கு இழுத்துக்கிட்டு வந்தது இந்தம்மா. ராசா போனா என்ன, கல்யாணத்தன்னிக்கு எல்லாப் பொண்ணும் ராணிதான? ஏவாரத்துல கெட்டிக்காரி! வெலயக் கேட்டா நமக்குத்தான் கட்டுப் போடணும், அது வேற விசயம்.

ராசா வீட்டு உடுப்புகளப் பத்தி ஒரு தண்டிப் பொஸ்தகம் போட்டுச்சு, 1999ல. பிரான்ஸ்காரன் 2008ல பட்டம் குடுத்தான். நம்ம அரசாங்கம் 2013ல பத்மஸ்ரீ குடுத்துச்சு. எப்பவும் போல நாம பின்னாலதான். 2021ல அந்தக் கம்பெனியில நூத்துக்கு 52 பங்க ரிலையன்ஸ் வாங்கிருச்சு. ரெண்டு மேசையில ஆரம்பிச்சது எங்க போயி நிக்குது பாத்தியா? இப்ப அந்த நாலு அச்சுக்காரங்க பேரச் சொல்லு பாப்போம். தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. லேபிள்ல எடம் பத்தல போல.

உலக அழகிப் போட்டிக்குப் போற பொண்ணுகளுக்கு வருசக்கணக்கா உடுப்பு குடுத்ததும் இந்தம்மாதான். அழகிப் போட்டின்னதும் ஒரு கத ஞாவகம் வருது. 1994ல சுஷ்மிதா சென்னு ஒரு பொண்ணு மிஸ் இந்தியா ஆச்சுல்ல? அன்னிக்குப் போட்ட கவுன டெல்லி சரோஜினி நகர்ல துணியெடுத்து, வீட்டுப் பக்கத்துல உள்பாவாட தைக்கிற டெய்லர்கிட்ட குடுத்துத் தைச்சாகளாம். கையுறை? புது சாக்ஸ வெட்டித் தைச்சது. அந்தப் பொண்ணே பெறகு டி.வி.யில சொல்லுச்சு. கால்ல போடுறத கையில போட்டுக்கிட்டுப் போயி கிரீடத்த வாங்கியாந்திருக்கு. ஜட்ஜுமாரு ஒருத்தருக்கும் தெரியல. கண்ணு மொகத்துல இருந்தா கையி எங்க தெரியும்?

ஆனா எனக்கு ஒரு ஆவலாதி உண்டு. நம்ம ராஜபாளையத்துப் பக்கம் தளவாய்புரத்துல தைக்காத நைட்டியா? காலையில பால் வாங்க வாரது நைட்டி, புள்ளைய ஸ்கூல் வேன்ல ஏத்துறது நைட்டி, மேல ஒரு துண்டப் போட்டா ரேசன் கடைக்கும் அதே நைட்டி. தமிழ்நாடு பூரா இதத்தான் மாட்டிக்கிட்டு நிக்குது. ராத்திரி உடுப்பப் பகல் உடுப்பா மாத்துன புண்ணியவதி யாரு? அவளுக்கு ஒரு பட்டம் வேணாமா? அந்தத் துண்டப் போட்டுக்கச் சொன்ன ரோசனைக்கே தனியா ஒண்ணு குடுக்கலாம்.

என் கதைய எதுக்குக் கேக்குற? நான் நாப்பது வருசம் சத்திரப்பட்டியில தறியில நின்னவன். நெஞ்சது பேண்டேஜ் துணியும் காஸ் துணியும். நான் நெஞ்சத கலெக்டரும் போட்டிருப்பாரு, களவாணியும் போட்டிருப்பான். நெறம் சரியில்லன்னு எவனும் திருப்பி அனுப்புனதில்ல. போனவன் போட்டுக்கிட்டே போயிட்டான், பொழச்சவன் அவுத்து எறிஞ்சுட்டான்.

போன பொங்கலுக்கு உன் அக்கா மெட்ராஸ்ல இருந்து வந்தாள்ல, கழுத்துல ஒண்ணச் சுத்திக்கிட்டு? பழுப்பு வெள்ளையில, மெல்லிசா, சுருக்கம் சுருக்கமா. என்ன தாயி கழுத்துல புண்ணான்னு கேட்டேன். "அய்யோ தாத்தா, இது டிசைனர் ஸ்டோல். கையால செஞ்ச காட்டன் காஸ்"ன்னா. குடு பாப்பம்னு வாங்கி வெளிச்சத்துல பிடிச்சேன். ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுனேன். பழக்கம் விடுமா? மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எண்ணுனேன். இஞ்சுக்கு 19 பாவு, 14 ஊட. ஒண்ணு கூடல, ஒண்ணு கொறையல.

உள்ள போயி டிரங்குப் பெட்டியத் தொறந்து, தறி ஓஞ்ச அன்னிக்கு நான் கொண்டாந்த சுருள எடுத்துப் பக்கத்துல வச்சேன். அவளுக்கு மொகம் செத்துப் போச்சு. ரெண்டையும் மாறி மாறித் தடவுறா. வித்தியாசம் என்ன? அவளோடதுல ஓரத்துல ஒரு லேபிள் இருந்துச்சு. என்ன வெலன்னு கேட்டேன். மொதல்ல சொல்ல மாட்டேன்னா. பெறகு காதுக்குள்ள சொன்னா. நான் பெட்டி மேலயே உக்காந்துட்டேன்.

நீ மெட்ராஸ்க்குப் படிக்கப் போனா ஒரு சோலி பண்ணு, பேரப்புள்ள. அவகிட்ட அந்தக் கடைக்காரன் நம்பர வாங்கிக் குடு. பெட்டியில இன்னும் ரெண்டு சுருளு கெடக்கு.