மரம் மெலிந்தால் கயிறும் சுருங்கணும்!
(கேள்வி-பதில்)

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் மரமேற்றம். காய் விழும் காலம் போல. ஒவ்வொன்றாகப் பறிப்போம்.

*தென்னைமர வீட்டுக்காரர், கள்ளிக்குப்பம்: எங்கள் ஆள் பெல்ட் போட்டுத்தான் ஏறுகிறார். பாதி மரம் தாண்டியதும் அது ஏன் நழுவுகிறது?*

சங்க இலக்கியத் தலைவி பிரிவில் மெலிந்தாள், வளையல் கழன்றது. தென்னையும் அப்படித்தான். தூரில் பருத்து, மேலே மெலியும். வளையம் மட்டும் தூரின் அளவிலேயே இருந்தால் கழலாமல் என்ன செய்யும்? தலைவிக்குத் தலைவன் திரும்பி வரணும். உங்கள் ஆளுக்குப் பக்கிளை இழுத்தால் போதும்.

*ஐ.டி.ஐ. மாணவர், அம்பத்தூர் ஓ.டி.: எத்தனை அடிக்கு ஒரு முறை இறுக்கணும்?*

அடிக்கணக்கு வேண்டாம் தம்பி, கைக்கணக்கு போதும். முழங்கை மடங்கியபடியே இரண்டு கையும் தண்டைத் தொடணும். கையை நீட்டித் துழாவ வேண்டியிருந்தால் கயிறு நீளம் என்று அர்த்தம். 1949-இல் டி.ஐ. சைக்கிள் தொடங்கிய ஊர் நம்முடையது. செயின் தொங்கினால் உடனே இறுக்கத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித் தரணுமா?

*தோட்டப் பிரியை, கொரட்டூர்: வீட்டுப் பாக்கு மரம் என் கணுக்கால் மாதிரி ஒல்லி. அதில் பெல்ட் எப்படிப் பிடிக்கும்?*

ஒரு சுற்று பிடிக்காது அம்மா. கயிற்றைத் தண்டில் இரண்டு சுற்று சுற்றணும், இல்லையென்றால் எடை விழுந்தால் தானே இறுகும் சுருக்குப் போடணும். உராய்வுக் கணக்கை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் போட்டுவிட்டார். ஒரு சுற்று ஐந்து மடங்கு பிடி தந்தால், இரண்டாவது சுற்றில் பத்து வராது, இருபத்தைந்து வரும். கயிறும் கந்துவட்டிக்காரரும் கூட்டல் அறியார். பெருக்கல்தான்.

*அதே வாசகி: அப்படி இறுக்கிக் கட்டினால் மேலே நகர்வது எப்படி?*

இரண்டாவது கயிறு எதற்கு இருக்கிறது? மேலே அதைக் கட்டிய பிறகே கீழே இதை அவிழ்க்கணும். ஓடும் பஸ்ஸில் ஒரு கை கம்பியை விடும் முன் மறு கை கம்பியைப் பிடித்திருக்கும் அல்லவா? அதே பாடம்தான். ஒரு நொடிகூடக் கட்டில்லாத மனிதராக மரத்தில் இருக்கக் கூடாது.

*ஷிஃப்ட் தொழிலாளி, பட்டரவாக்கம்: எஸ்டேட்டில் தரும் முழு உடம்பு பெல்ட் என்னிடம் இருக்கிறது. மரத்துக்கு அது போதாதா?*

ஐ.எஸ். 3521 முத்திரை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நல்ல பெல்ட்தான், ஆனால் அதன் முதுகு வளையம் விழுபவரைப் பிடிக்கப் பிறந்தது. தலைக்கு மேலே மாட்ட ஷெட்டில் இரும்பு உத்தரம் உண்டு. தென்னைக்கு மேலே வானம்தான் உண்டு. மரத்தில் நின்று வேலை செய்ய இடுப்பின் இரு பக்கமும் வளையம் வேண்டும், கயிறு இரண்டிலும் மாட்டியிருக்கணும். ஒற்றை வளையத்தில் மாட்டினால் ஒல்லித் தண்டைச் சுற்றி ராட்டினம் ஆடுவீர்கள்.

*அவரே: தொடைப்பட்டை எவ்வளவு இறுக்கம்?*

உள்ளங்கை நுழையணும், முஷ்டி நுழையக் கூடாது. தளர்ந்தால் விழும்போது பட்டை ஏறி வெட்டும். இறுகினால் கால் மரத்துப்போகும். பெல்ட்டில் அசையாமல் தொங்குவதும் ஆபத்து. காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். தொங்குபவரை இறக்க வழி யோசித்துவிட்டு ஏறச் சொல்லுங்கள். 108 வருவதற்குள் கீழே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

*வயர்மேன் வேலைக்காரர், பாடி: அரிவாள் பட்டாலும் அறுகாத இரும்புக்கம்பிக் கயிறு நல்லதுதானே?*

அரிவாளுக்கு நல்லது, மின்சாரத்துக்கு இன்னும் நல்லது! நம் தெருவில் தென்னைமட்டையும் மின்கம்பியும் சம்பந்திகள் மாதிரி உரசிக்கொண்டு நிற்கின்றன. முதலில் மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குப் பேசி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். அதன் பிறகு கயிற்றைப் பற்றிப் பேசலாம்.

*ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருமுல்லைவாயல்: பனையேறிகள் பெல்ட்டா கட்டினார்கள்?*

கட்டினார்கள் ஐயா, காலில். தளைநார் என்று அதற்குப் பெயர். இரு பாதத்தையும் ஒரே வளையத்தில் பூட்டி, பாதத்தைத் தண்டோடு அழுத்தும் கருவி. ஆளுக்கும் மரத்துக்கும் ஏற்ப அளவு பார்த்துச் செய்வார்கள். அரிய கலைதான். ஆனால் தவறி விழுந்தவர்கள் தங்கள் கதையைச் சொல்லத் திரும்பவில்லை. நாம் கேட்பதெல்லாம் பிழைத்தவர் புராணம்.

*இல்லத்தரசி, மேனாம்பேடு: முருங்கைக் காய் உச்சியில் காய்க்கிறது. பையனுக்கு பெல்ட் வாங்கித் தரட்டுமா?*

முருங்கையில் நிம்மதியாகத் தொங்கியது வேதாளம் மட்டும்தான். அந்தக் கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறியும். கிளையே வந்துவிட்டால் பெல்ட் கிளையோடு சேர்த்து உங்கள் பையனையும் பத்திரமாகக் கீழே கொண்டுவரும். பையனுக்குத் தொரட்டி வாங்கிக் கொடுங்கள்.

*இளைஞர், ஆவடி: தென்னையில் வெட்டுப்படி வைத்தால் வழுக்காதே?*

வழுக்காது, ஆறவும் ஆறாது. மாவும் வேம்பும் காயத்தை மூடி வளரும். தென்னை புல்லுக்குச் சொந்தக்காரன், தண்டில் பட்ட வெட்டு கடைசிவரை வெட்டுதான். முள்காலணியும் அப்படியே. வெட்டி வீழ்த்தப் போகும் மரத்துக்கு மட்டும் அது.

*ஃபிளாட் சங்கச் செயலாளர், பூந்தமல்லி: 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயலுக்கே அசையாத தென்னை எங்களுடையது. நம்பி ஏற்றலாமா?*

வர்தா வெளியே இருந்து தள்ளியது. சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருந்து தின்னும். தண்டில் ஓட்டையும், அதில் பழுப்புச் சாறும் தெரிகிறதா? தூரில் சாறு வடிகிறதா? அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். தட்டினால் வெற்றுப் பானை மாதிரி ஒலிக்கிறதா? அப்படியென்றால் எந்த பெல்ட்டும் உதவாது. மரம் சாய்ந்தால் கட்டியிருப்பவரும் சாய்வார்.

*பெயர் வேண்டாம், ஒரகடம் (அம்பத்தூர்): பறிப்பவர் மரத்துக்கு இவ்வளவு கேட்கிறாரே, பேரம் பேசலாமா?*

போன மாதம் உங்கள் பக்கத்துத் தெருவில் நின்றேன். கொண்டைக்கு ஆறு அடி கீழே ஒருவர் நின்றார். இரண்டாவது கயிற்றைக் கட்டினார், முதல் கயிற்றின் பக்கிளை இரண்டு விரற்கடை இழுத்தார், சாய்ந்து பார்த்தார், மறுபடி ஒரு விரற்கடை இழுத்தார். மொத்தம் அரை நிமிடம். கீழிருந்து வீட்டுக்காரர் கத்தினார்: “இன்னாபா, மேலயே குடியிருக்கப் போறியா?” அந்த அரை நிமிடத்துக்குத்தான் ஐயா நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள். காய் இலவச இணைப்பு.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்று பயிற்சி தொடங்கியது. மரமேறிகளுக்குக் ‘கேரா சுரக்ஷா’ விபத்துக் காப்பீடும் உண்டு. பேரம் பேசும் நேரத்தில் அவர் அதில் சேர ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள்.

*அவரே, கடைசியாக: ‘பனையேறுகிறவனை எந்த மட்டும் தாங்கலாம்’ என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்களே?*

கை எட்டும் மட்டும் நாம் தாங்கணும். கை எட்டாத இடத்தில் நாம் வாங்கிக் கொடுத்த பெல்ட் தாங்கணும். நடுவில், வாயை மூடிக்கொண்டு அந்த அரை நிமிடம் காத்திருக்கணும்.