அட்மின்காரு

"பொருள்: காலை வணக்கப் படங்கள் – வரன்முறை செய்தல் – தொடர்பாக.
பார்வை: நேற்று இரவு 11.40க்கு நான் அனுப்பிய குரல்பதிவு."

எங்கள் தெரு வாட்ஸப் குரூப்பில் இப்படி ஒரு பதிவு வந்தால், அட்மின் சார் குளித்து, நீறு பூசி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று மாலையும் சால்வையும் போட்டு, சாவிக்கொத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சுற்றறிக்கை எழுதும் பழக்கத்தை வாங்கிக்கொள்ளத்தான் மறந்துவிட்டார்கள். அது இப்போது எங்கள் தலையில்.

குரூப் தொடங்கியது "குழாயில தண்ணி வந்துச்சா?" என்று கேட்க மட்டும். முதல் வாரத்திலேயே தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் வந்தது. ரோஜாப்பூவில் காலை வணக்கம், பத்துப் பேருக்கு அனுப்பினால் பலிக்கும் வேல், எந்த ஊரிலோ எப்போதோ பெய்த மழை. சார் விதி எழுத உட்கார்ந்தார். நாற்பத்தொன்றாவது விதி வந்த அன்று எதிர்வீட்டுக்காரர் கேட்டேவிட்டார்: "நம்ம திருத்தணி மலைக்கு 365 படி. அதைத் தொட்டுட்டுத்தான் நிறுத்துவீங்களா சார்?"

பல விதிகளுக்குப் பின்னால் ஒரு விபத்து உண்டு. அதில் ஒன்று எல்லை தாண்டி வந்தது. எங்கள் திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. மா.பொ.சி. போராடி எல்லைக்கோட்டை நகர்த்தினார். சம்பந்தம் பேசும் வழக்கத்தை யாராலும் நகர்த்த முடியவில்லை. இன்றைக்கும் நகரியிலும் புத்தூரிலும் பெண் எடுக்கிறோம். அப்படி நகரியிலிருந்து வந்த ஒரு மருமகள், தெலுங்கு மரியாதையைத் தமிழ் எழுத்தில் தட்டினாள்: "அட்மின்காரு, செத்த பண்டி ராலேது."

அந்தப் பெண் சொன்னது, குப்பை வண்டி வரவில்லை என்று. தெரு அதைத் தமிழாகப் படித்தது. "அட்மின் கார் வாங்கிட்டாரா? சொல்லவேயில்ல!" என்றார் ஒருவர். இன்னொருவர் "ஆழ்ந்த இரங்கல்" போட்டார். செத்தது யார் என்று கேட்காமலே ஏழு பேர் கை கூப்பினார்கள். ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அன்று இரவே விதி 17 பிறந்தது: "இரங்கல் செய்திக்குக் கட்டை விரல் காட்டுவது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்."

பதிவு சுருக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி 22. ரேணிகுண்டா பாதையில் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஒருவர் குரூப்பில் உண்டு. "எங்க ஊர் பேரைப் போட்டாலே விதி மீறல் ஆயிடுமே சார்" என்றார். அவருக்கு மட்டும் விலக்கு அளித்துத் தனி ஆணை வந்தது.

வதந்தியால் அடிதடியும் கொலையும் நடந்து, 2018இல் வாட்ஸப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கியது. "நான் முன்னமே சொன்னதுதான்" என்றார் சார். 2022இல் கேரள உயர் நீதிமன்றம், உறுப்பினர் போடும் தப்பான பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று தீர்ப்பளித்தது. நிம்மதி அடைவார் என்று பார்த்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பொறுப்பு இல்லைன்னா அப்புறம் பதவி எதுக்குய்யா?"

சண்டை மூண்டால் மலையைக் காட்டுவார். போரெல்லாம் முடித்து முருகன் சினம் தணிந்து உட்கார்ந்த இடம் இது. கந்த சஷ்டிக்கு மற்ற ஊர்களில் சூரசம்ஹாரம், இங்கே புஷ்பாஞ்சலிதான். "இந்த மலையிலயே சம்ஹாரம் கிடையாது. குரூப்புல மட்டும் ஏன்யா பண்றீங்க?" இதற்கு மட்டும் யாரும் பதில் பேசியதில்லை. மீறி ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால், மறுநாள் காலை சார் அவர் வீட்டு வாசலில் நிற்பார். காபி குடித்து, குறை கேட்டு, திரும்பச் சேர்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். இது எந்த விதியிலும் இல்லை.

போன ஆடிக் கிருத்திகை. காவடிக் கூட்டத்தில் ஊரே நடந்து போகிறது. அந்த நேரம் பார்த்து எங்கள் தெரு முனையை அடைத்துக்கொண்டு வெள்ளைக் கார் ஒன்று. தெருவை மறித்து வண்டி நிறுத்துவோர் பற்றிச் சார் கடுமையான சுற்றறிக்கை விட்டார். படம் எடுத்துப் போட்டு வண்டி யாருடையது என்று அவரே கேட்டார். நாலு நிமிஷத்தில் பதில் வந்தது: அவருடைய மாப்பிள்ளையின் வண்டி. உடனே கீழே எவனோ ஒரு குறும்பன்: "இப்பதாம்பா நிஜமாவே அட்மின்காரு!"

முப்பது வீடும் சிரித்தது. சார் சிரிக்கவில்லை. குரூப்பைவிட்டு வெளியேறினார்.

ஒரே அட்மின் வெளியேறினால் வாட்ஸப் தானாகவே ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடும். அது தேர்ந்தெடுத்தது கோடி வீட்டு ஆயாவை. ஆயாவுக்குப் போனில் தெரிந்தது மைக் பொத்தான் ஒன்றுதான். சேதி கேட்டு அதை அமுக்கினாள்: "எப்பா, கோச்சிக்கினு பூட்டியாமே? வெறும் வயித்தோட கெடக்காத. கூழு காச்சி வச்சிக்கீறேன், வந்து குடிச்சிட்டுப் போ."

சார் குரூப்பில் இல்லையே, எப்படிக் கேட்பார்? ஆளாளுக்கு அதை அவருக்குத் தனித்தனியே ஃபார்வர்டு செய்தோம். மொத்தத் தெருவும் ஒற்றுமையாக ஃபார்வர்டு விதியை மீறியது அன்றுதான். மறுநாள் காலை சார் கோடி வீட்டுத் திண்ணையில் சொம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேரன் ஆயாவின் விரலைப் பிடித்துத் திரையில் அழுத்திக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்குப் பதிவு வந்தது.

"பொருள்: பணியேற்பு அறிக்கை. பார்வை: ஆயாவின் கூழ். இன்று முற்பகல் மீண்டும் பணியில் சேர்ந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

முதல் பதில் நகரி மருமகளிடமிருந்து: "சந்தோஷம், அட்மின்காரு."

சார் திருத்தினார்: "அம்மா, அட்மின் இப்போது ஆயா. நான் மெம்பர் மட்டுமே."

"சரேனண்டி, மெம்பர்காரு."