மழையில் மலையேறினால் என்ன தெரியும்?

கேள்வி: மும்பை, புனே மலையேற்றக் குழுக்கள் வெயில் காலத்தை விட்டுவிட்டு, கொட்டும் மழையில் கல்சுபாய் ஏறுகின்றனவே! உச்சியிலிருந்து என்ன தெரியும்?

பதில்: பெரும்பாலும் மேகத்தின் உட்புறம் தெரியும், அதிர்ஷ்டமிருந்தால் முன்னால் போகிறவரின் முதுகுப்பை. கல்சுபாய் 1,646 மீட்டர். மகாராஷ்டிரத்தில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று சகியாத்ரி மலைத்தொடரில் முட்டி, மேலெழும்பி, குளிர்ந்து மழையாகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. கோடையில் இதே பாறைகள் தோசைக்கல். மழைக்காலத்தில் ஒவ்வொரு பிளவிலும் ஓர் அருவி. கூட்டம் கூடுவது அதற்காகத்தான்.

வழக்கமாகப் புறப்படுவது சனி இரவு. ஏறத் தொடங்குவது விடியலில், பாரி கிராமத்திலிருந்து. வயல் வரப்பில் செருப்பளவு சேறு ஒட்டும். செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் உண்டு. இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி இறங்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தபடி இறங்குவது வழுக்குவதற்கான முன்பதிவு. ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், காயாது. பாலியெஸ்டர் சீக்கிரம் காயும். குடையை அங்கே பிடிப்பது காற்றுதான், மனிதர் அல்ல.

 

உச்சியில் சிறிய கோயில். அடிவாரத்தில் வெங்காய பஜ்ஜியும் சூடான தேநீரும். இவற்றுக்காகவே ஏறுகிறவர்கள் உண்டு. ஏறாமல் அடிவாரத்திலேயே தங்கிவிடும் விவேகிகளும் உண்டு.