காதுக்குப் பார்ட் நம்பர் இல்லீங்ணா

பெறுநர்: பழுது பார்க்கும் உரிமையைக் கவனித்துக்கொள்ளும் உயர்திரு அதிகாரிகள், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, கிருஷி பவன், புது தில்லி.

அனுப்புநர்: வயதான கார் ஒன்றின் சொந்தக்காரர், சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

பொருள்: காரின் டேஷ்போர்டு டப்பாவில் இடது கீல் ஒடிந்தது – உரிமை வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தல் – கீலும் வழங்குமாறு வேண்டுதல் – தொடர்பாக.

அம்மா, ஐயா,

வணக்கமுங்க. எங்கள் பக்கத்தில் சண்டைக்குப் போனாலும் முதலில் "சாப்டாச்சுங்களா" என்று விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்போம். அதனால் நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூலையில் தாங்கள் ஒரு குழு அமைத்தீர்கள். பொருளை வாங்கியவனுக்கு அதைப் பழுது பார்த்துக்கொள்ளவும் உரிமை வேண்டும் என்றீர்கள். விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்ததில் என் காரும் இடம்பிடித்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கென்றே ஓர் இணையதளமும் திறந்தீர்கள். அன்றைக்கு என்னிடம் உரிமை இருந்தது, பழுது இல்லை. இப்போது பழுதும் வந்து சேர்ந்ததால் உரிமையை எடுத்து ஒரு தடவை உபயோகித்துப் பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

ஒடிந்தது பெரிய சமாச்சாரம் அல்ல. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் முன்னால் இருக்கிற டப்பா. ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ், வண்டி எடுத்த அன்றைக்கு ஈச்சனாரிப் பிள்ளையார் கோயிலில் பூசை போட்டுக் கொடுத்த விபூதிப் பொட்டலம், எழுத்தெல்லாம் அழிந்துபோன டோல்கேட் ரசீதுகள் ஆகியவை குடியிருக்கும் இடம். அதன் அடியில் இரண்டு கீல்கள். வீட்டுக் கதவின் இரும்புக் கீலை நினைத்துக்கொள்ள வேண்டாம். டப்பாவோடு சேர்த்து ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் காது அது. டேஷ்போர்டில் இருக்கிற சின்னத் தண்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

ஏன் ஒடிந்தது என்று கேட்பீர்கள். ஏசி ஃபில்டரை இந்த டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஃபில்டர் மாற்ற வேண்டுமானால் டப்பாவின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அழுத்தி, தடுப்பைத் தாண்டவைத்து, டப்பாவைக் கீழே தொங்கவிட வேண்டும். புது வண்டியில் சுவர் வளைந்து கொடுக்கும். பல வருஷம் வெயிலில் நின்ற வண்டியில் சுவர் விறைத்துக்கொள்ளும். அழுத்துகிற பலம் முழுக்கக் காதுக்குப் போகும். காருக்குள் நல்ல காற்று வர வேண்டும் என்று அக்கறைப்படுகிற ஒவ்வொரு சர்வீஸிலும் இந்தக் காதுக்கு ஒரு கண்டம். அக்கறையே இல்லாதவன் வண்டியில் டப்பா திடமாக இருக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்தக் கம்பெனி, எந்தச் சென்டர் என்பது இங்கே வேண்டாம். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அட்வைசர் தம்பி கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கீலு தனியா வராதுங்ணா. அசெம்பிளியாத்தான் வருங்."

"அசெம்பிளின்னா?"

"டப்பா, மூடி, லாக்கு, டேம்பர் எல்லாஞ் சேத்திங்ணா. நாலாயிரத்துச் சொச்சம் ஆகும். ஆர்டர் போட்டுட்டா வந்துருங். ஆனா உங்க கலரு இப்ப வர்றதில்லீங், கருப்புத்தான்."

"காது ஒண்ணுதான் தம்பி ஒடிஞ்சிருக்குது."

"காதுக்குப் பார்ட் நம்பர் இல்லீங்ணா."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தங்கள் கோப்பில் தனித்தாளில் எழுதிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பார்ட் நம்பர் இல்லாத பொருள் கம்பெனியின் கணக்கில் பிறக்கவே இல்லை. ஒடிவதற்கு மட்டும் அது இருக்கிறது. எனக்குப் பழுது பார்க்கும் உரிமை உண்டு என்று தாங்கள் தில்லியிலிருந்து சொல்கிறீர்கள். எந்த அளவுத் துண்டாக விற்பது என்று தீர்மானிக்கிறவர், நான் எந்த அளவுக்குப் பழுது பார்க்கலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறார். என் காரில் பழுதின் மிகச் சிறிய அளவு நாலாயிரத்துச் சொச்சம். அதற்குக் கீழே எதுவும் பழுதாகக் கூடாது.

தங்கள் துறை மட்டும் இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. இந்தியப் போட்டி ஆணையம் முன்பே முயன்று பார்த்திருக்கிறது. 2011-ல் தனிநபர் ஒருவர் மூன்று கார் கம்பெனிகள் மேல் கொடுத்த புகாரை விசாரிக்கப் போய், விவகாரம் விரிந்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்குச் சேர்த்து ரூ.2,544 கோடி அபராதம் போட்டார்கள். உதிரிபாகம் வெளிச்சந்தையில் கிடைக்க வழி செய்யுங்கள், வெளி மெக்கானிக்கிடம் போன ஒரே குற்றத்துக்காக வாரண்டியை ரத்து செய்யாதீர்கள் என்றும் உத்தரவிட்டார்கள். பிறகு மேல்முறையீடுகள் வந்தன. வழக்குகள் தம் நடையில் நடந்தன. அந்த உத்தரவு எழுத்துக்கு எழுத்து நிறைவேறியிருந்தாலும் எனக்கு வெளிச்சந்தையில் கிடைத்திருக்கப் போவது அதே அசெம்பிளிதான். கேட்டலாக்கிலேயே இல்லாத காதை விற்கச் சொல்லி எந்த ஆணையம் உத்தரவு போட முடியும்?

தங்கள் இணையதளத்தையும் பார்த்தேன். கம்பெனிகளின் சேவை எண், சர்வீஸ் சென்டர் விவரம், வாரண்டி விவரம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. வசதிதான். ஆனால் மோர் குடித்துவிட்டு வந்ததே அந்தச் சர்வீஸ் சென்டரிலிருந்துதானுங்க.

அடுத்தது நட்சத்திரம். 2024 செப்டம்பரில் இன்னொரு குழு போட்டு, எந்தப் பொருள் எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கத்தக்கது என்று மதிப்பிடும் குறியீடு பற்றி 2025 மே மாதம் அறிக்கையும் வாங்கிவிட்டீர்கள். கைப்பேசியிலும் மின்னணுச் சாமானிலும் ஆரம்பம். பிரான்ஸில் 2021 முதலே சில சாமான்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் ஒட்டுகிறார்கள். உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதற்கும் அதில் மார்க் உண்டு. கார் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை. காருக்கு வேறு நட்சத்திரம் இருக்கிறது: 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப். சுவரில் மோதினால் வண்டி எத்தனை நட்சத்திரத்துக்கு நசுங்கும் என்று வாங்கும்போதே தெரிந்துகொள்ளலாம். மோதாமல், நசுங்காமல், டப்பா மட்டும் தொங்கினால் எத்தனை நட்சத்திரம் என்று கேட்க ஆளில்லை.

இதற்கிடையே சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. பழசை வைத்திருக்காதே, போட்டுவிடு என்பது அவர்கள் கட்சி. பழுது பார், வைத்திரு என்பது தங்கள் கட்சி. தில்லியில் இரண்டு பேரும் ஒரே கேன்டீனில் காபி குடிக்கும்போது இது பற்றிப் பேசிக்கொள்வதுண்டா என்று அறிய ஆவல்.

எங்கள் சீமையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பைக்காரா மின்சாரம் வந்த 1930களிலிருந்து இங்கே பம்புசெட்டும் மோட்டாரும் செய்கிறார்கள். செய்வதைவிடப் பெரிய தொழில் அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வது. சூலூர், அன்னூர், தாராபுரம் எங்கே போனாலும் காயில் கட்டுகிற கடை கண்ணில் படும். கிணற்று மோட்டார் கருகிவிட்டால், எரிந்த செம்புக் கம்பியை உருவி எடைக்குப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார்கள். புஷ் தேய்ந்திருந்தால் புஷ், பேரிங் கத்தினால் பேரிங், வாஷர் போயிருந்தால் வாஷர். "வாஷர் தனியா வராதுங்க, கிணத்தோடதான் வரும்" என்று இதுவரை எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை. கரூருக்கு வெறும் சேஸை ஓட்டிக்கொண்டு போனால் பஸ்ஸாகத் திரும்பலாம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள். திருச்செங்கோட்டில் லாரி மேல் போர்வெல் ரிக்கையே ஏற்றி வடநாடு வரை அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, விரல்நுனி அகலப் பிளாஸ்டிக் காதுக்கு நான் தங்களுக்கு மனுப்போடுகிறேன்.

ஜி.டி. நாயுடு பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஓட்டலில் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதை அக்கக்காகக் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டியவர். 1920-ல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே பஸ்ஸோடு தொடங்கினார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையின் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்தப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் என் டப்பா வாயைத் திறந்து மூடியது. அவர் இன்றைக்கு ஒரு வண்டியை வாங்கிக் கழற்றியிருந்தால், பக்கத்தில் நின்று ஒரு தம்பி வெகு பணிவாகச் சொல்லியிருப்பார்: "வாரண்டி போயிருங்யா."

கடைசியில் எங்கள் ஊர் கணபதி பகுதியில் ஒரு லேத்துப் பட்டறையில் காரியம் நடந்தது. பட்டறைக்கார அண்ணன் டப்பாவைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் அச்சாகியிருந்த எழுத்தைக் காட்டினார்: பிபி-டிடி20. பாலிபுரோப்பிலீன், அதில் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் மாவு என்று அர்த்தமாம். "இதுல ஃபெவிக்விக் நிக்காதுங்க, வழுக்கிட்டுப் போயிரும்" என்றார். அந்த எழுத்து எதற்கு என்று கேட்டேன். வண்டியைக் காயலாங்கடையில் உடைக்கும்போது எந்தப் பிளாஸ்டிக்கை எந்தக் குவியலில் போடுவது என்று தெரிவதற்காம். வைத்தியத்துக்கு வழி சொல்லாதவர்கள் காரியச் செலவுக்கு மட்டும் பட்டியல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர் ஒடிந்த மிச்சத்தை அரத்தால் ராவி எடுத்தார். அலுமினியத் தகட்டை மடக்கித் துளை போட்டு, பிளாஸ்டிக் கிழியாமல் இருக்க உள்பக்கம் வாஷர் கொடுத்து, பாப் ரிவிட் அடித்தார். பித்தளைக் கம்பியில் குட்டியாக ஒரு புஷ் கடைந்தார். தண்டுக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பியை அளந்து வெட்டினார். டீ வந்து, ஆறி, குடித்து முடிப்பதற்குள் டப்பா மாட்டியாகிவிட்டது. கூலி முந்நூறு ரூபாய். டீக்காசு அவரே கொடுத்தார். இந்தக் கீல் ஒடிவதற்குள் காரின் மற்றதெல்லாம் ஒடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

பிறகு ஏன் கடிதம் என்று கேட்கலாம். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதுதான் காரணம். "இந்தக் காதோட அளவு மட்டும் கெடச்சுதுன்னா ஒரு டை போட்டு ஆயிரம் காது அடிச்சுப் போட்டுருவனுங்க. எல்லா ஊர்லயும் இது ஒடியுது. ஆளுக்கொரு தகட்டை மடக்கீட்டு உக்காந்திருக்கறோம்."

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். எந்தப் பாகம் அடிக்கடி ஒடிகிறது என்று கம்பெனிக்குத்தான் முதலில் தெரியும். அசெம்பிளி எத்தனை விற்றது என்ற கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. அப்படி ஒடிகிற பாகத்துக்கு ஒரு பார்ட் நம்பர் போடச் சொல்லுங்கள். தனியாக வார்த்து விற்பது கட்டுப்படியாகாது என்றால் அதன் அளவுப்படத்தை வெளியிடச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பீளமேட்டுப் பட்டறைகளும் கணபதிப் பட்டறைகளும் பார்த்துக்கொள்ளும். காருக்கும் பழுது நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால், கடையில் தனியாகக் கிடைக்கிற மிகச் சிறிய பாகம் எது என்பதை வைத்து மார்க் போடுங்கள். இதற்காக இன்னொரு குழு அமைப்பதானால் ஓர் உறுப்பினர் இடத்தை லேத்துக்காரருக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் அறிக்கை சுருக்கமாக இருக்கும்.

இப்படிக்கு,
டப்பா மூடிய நிலையில் உள்ள நுகர்வோர்

இணைப்பு: ஒடிந்த காது – 1. லேத்துக்காரர் சிகரெட் அட்டையின் பின்புறம் பென்சிலால் வரைந்த அளவுப்படம் – 1, மில்லிமீட்டரில்.

பி.கு: தங்கள் அலுவலகக் கார்களில் ஏதாவது ஒன்றில் டப்பா தொங்கினால் அனுப்பிவையுங்கள், செய்து கொடுத்துவிடலாம் என்று அண்ணன் சொல்லச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவுங்க.