கோடு போட்ட அணிலும் போடாத அணிலும்

1983இல் நான் முதன்முதலாக வாங்கிய பிரஷ் இன்னும் என் சோப்பு டப்பாவில் படுத்திருக்கிறது. கடையில் வாங்கும்போது எட்டாம் நம்பர். வாத்தியார் கைக்குப் போய்த் திரும்பியபோது இரண்டாம் நம்பர்கூடத் தேறாது.

புதுப்பேட்டையில் லைனிங் பெயிண்டர் ஒருவரிடம் எடுபிடியாகச் சேர்ந்திருந்தேன். அவர்தான் வாத்தியார். அடிபட்ட புல்லட் டாங்க் டிங்கரிடம் போய், பெயிண்ட் அடித்து, மொழுக்கென்று எங்களிடம் வரும். திருவொற்றியூர் கம்பெனியில் கையால் இழுத்த தங்கக் கோட்டை நாங்கள் மறுபடி இழுக்க வேண்டும். "மெஷின்ல போட்டாப்ல இருக்கு" என்று வண்டிக்காரர் சொன்னால் வாத்தியார் எனக்கும் ஒரு டீ சொல்வார். கம்பெனியிலேயே அதற்கு மெஷின் கிடையாது என்பதை இருவரும் வண்டிக்காரரிடம் சொன்னதில்லை.

கோடு இழுப்பதற்கென்று தனி பிரஷ் அன்று எங்கள் கடைகளில் கிடையாது. உருண்டை பிரஷ்ஷை வாங்கித்தான் உருமாற்ற வேண்டும். கீரி முடி விறைப்பானது, எழுத்து எழுத ஆகும். (அதை இன்று கடையில் கேட்டால் வனத்துறைதான் வரும்.) கோட்டுக்கு அணில் முடி. அதற்கு முதுகெலும்பே கிடையாது. துவண்டு கிடக்கும், பெயிண்டை நிறையக் குடிக்கும், கை போன வழியில் பின்னாலேயே வரும். நல்ல எடுபிடியின் லட்சணம் என்பார் வாத்தியார், என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் முதல் நாளே பிளேடை எடுத்து நுனியைச் சீவினேன். பின்மண்டையில் விழுந்தது. முடி நுனியில் தானாகவே கூராக முடிகிறது. அங்கே வெட்டினால் துடைப்பம். வெட்ட வேண்டியது அடியில், தகரக் குழாயை ஒட்டி. முடியை எண்ணெயில் நனைத்து ஒரு பக்கமாகப் படியவைத்து, நீளமானதை விட்டுவிட்டு மற்றதை நாலைந்து முடியாகக் கழித்துக்கொண்டே வருவார். பிறகு கட்டைப் பிடியை ரம்பத்தால் பாதியாக அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். உலகம் முடியை வெட்டக் காசு கொடுக்கிறது. நாங்கள் வெட்டுவதற்காக முடியைக் காசு கொடுத்து வாங்கினோம்.

வேலை முடிந்தால் மண்ணெண்ணெயில் அலசி, பக்கத்து மெக்கானிக்கிடம் இரண்டு சொட்டு புது என்ஜின் ஆயில் வாங்கித் தடவிப் படுக்கவைக்க வேண்டும். டம்ளரில் நிறுத்தினால் நுனி வளைந்துவிடும். நானும் ஒருமுறை நிறுத்தினேன். பின்மண்டை.

இப்போது அக்கா மகன் என்னிடம் தொழில் கற்கிறான், போனில் பார்த்தபடியே. அமெரிக்காவிலிருந்து இரண்டு பிரஷ் வரவழைத்தான். 1891இல் தொடங்கிய மிச்சிகன் கம்பெனியாம். வாள் மாதிரிச் சாய்வாகக் கட்டிய அணில் முடி, பிளாஸ்டிக் குழாய்க்குள் ராஜா மாதிரி வந்தது. விலையைக் கேட்டு உட்கார்ந்துவிட்டேன். ராமர் மூன்று விரலால் முதுகில் லைனிங் போட்ட நம் ஊர் அணிலும் அல்ல, குளிர்தேசத்து அணில். அதன் முதுகில் ஒரு கோடுகூடக் கிடையாது.

பழைய வாரப் பத்திரிகை அட்டையில் இரு பக்கமும் நீவிப் பெயிண்ட் ஊட்டி, இழுத்துப் பார்த்தேன். நேர்கோட்டில் வெண்ணெய். டாங்கின் மூக்கில் வளையும்போது மட்டும் பிரஷ்ஷின் தொப்பை இடித்தது. பிளேடை எடுத்தேன்.

"மாமா! அது எவ்வளவு தெரியுமா!"

தொப்பையைக் கழித்த பிறகு வளைவில் சொன்ன பேச்சைக் கேட்டது. அவன் மற்றொன்றை ஒளித்துவைத்துவிட்டான். ராத்திரி போனில் ஏதோ பார்த்துவிட்டு மெதுவாக வந்தான். அங்கேயும் பிளேடால்தான் வெட்டுகிறார்களாம், என்ஜின் ஆயில்தான் தடவுகிறார்களாம். அதற்கு வகுப்பு உண்டு, கட்டணம் தனி. பின்மண்டைக்குக் கணக்குப் போட்டால் வாத்தியார் எனக்கு எவ்வளவு சலுகை தந்திருக்கிறார்!

போன மாதம் ஒரு பையன் புல்லட்டோடு வந்தான். ஸ்டிக்கர் வேண்டாம், கைவேலைதான் வேண்டும் என்றான். மூச்சைப் பிடித்து இழுத்து முடித்தேன். குனிந்து பார்த்தான். முகம் வாடியது.

"அங்கிள், ஸ்டிக்கர் மாதிரியே இருக்கே. கையால போட்டதுன்னு தெரியணும். லேசா அப்படி இப்படி…"

டர்பன்டைன் துணியால் துடைத்தேன். மறுபடி இழுத்தேன். நடுங்க வைக்கப் பார்த்தேன், கை கேட்கவில்லை. மூன்றாவது தடவையும் துடைத்தபோது மருமகன் உள்ளே போய், ஒளித்துவைத்திருந்த மிச்சிகன்காரனை எடுத்துவந்தான். பிளேடு படாத பிரஷ். ஒரே இழுப்பு. மூக்கு வளைவில் தொப்பை இடித்து, கோடு அழகாக ஒரு குலுங்கு குலுங்கியது.

பையன் ஐந்நூறு ரூபாய் சேர்த்தே கொடுத்தான்.