பத்து நாள் ஒப்பந்தமும் ஒரு பேங்கு வேலையும்

வா பேராண்டி, வா. இப்படித் திண்ணையில உக்காரு. அதென்ன கால்ல? கூடைப்பந்து வெளயாடற ஷூவா? பன்னெண்டாயிரமா! அந்தக் காசுக்கு அய்யலூர் சந்தையில ரெண்டு ஆட்டுக்குட்டி பிடிச்சிருக்கலாம். ஆனா ஆட்டுக்குட்டியக் கால்ல மாட்டிக்கிட்டு ஓட முடியாதுல்ல. அதும் நெசந்தான்.

நெத்தியில ஒரு பட்டி. மணிக்கட்டுல ஒரு பட்டி. முழங்கையில கறுப்பா ஒரு உறை. அடிபட்டுருச்சான்னு கேட்டா இல்லங்கிற. பெறகு எதுக்கு? ஸ்டைலா? சரி, இருக்கட்டும். பந்தப் போடறதுக்கு முன்னாடி போன நிறுத்தி வச்சு வீடியோ எடுக்கிற. உள்ள விழுந்த பந்தெல்லாம் இன்ஸ்டாகிராம்ல கெடக்கு. விழாத பந்தெல்லாம் எங்கப்பு போச்சு?

கேட்டா, "ப்ரொபஷனல் பிளேயர் ஆகப்போறேன் தாத்தா, ஏஜெண்ட் பாக்கணும்"ங்கிற. ஆகு. எவன் வேணாம்னான்? ஏஜெண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி மூணே மூணு கேள்விக்குப் பதில் வச்சுக்க. சம்பளம் யாரு குடுக்கறா? எத்தன நாளைக்கிக் குடுக்கறா? முட்டி போச்சுன்னா யாரு பாப்பா? மாட்டுக்குத் தவுடு வாங்கறவன்கூட இதவிட நாலு கேள்வி கூடக் கேப்பான்.

உன் ரூம்பு செவுத்துல ஒரு நெட்டப் பய படம் ஒட்டிருக்கியே, சத்னாம் சிங்கு. அவன் கதைய முழுசாப் படிச்சியா? பஞ்சாப்ல பல்லோ கேன்னு ஒரு பட்டிக்காடு. அப்பா வெவசாயி. பய ஏழடி ரெண்டங்குலம். நம்ம நெலவாசல்ல குனிஞ்சு வந்தாலும் மண்ட இடிக்கும். 2010ல, பதினாலு வயசுலயே, புளோரிடாவுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாய்ங்க. 2015 ஜூன்ல டல்லாஸ் மேவரிக்ஸ் டீமு அவன 52வது ஆளா எடுத்துச்சு. இந்தியாவுல பொறந்து, அமெரிக்காவோட பெரிய லீக்கான என்.பி.ஏ. டிராப்டுல, அதான் ஆளெடுப்புல, தேர்வான மொத ஆளு அவந்தான். படமே எடுத்துட்டாய்ங்க, 'ஒன் இன் எ பில்லியன்'னு.

பெறகு? பெரிய லீக்குல எத்தன மேச்சு ஆடுனான்? ஒண்ணு? அரை? ஒண்ணுமில்ல பேராண்டி. சின்ன லீக்குல டெக்சாஸ் லெஜண்ட்ஸ். அங்கிட்டு கனடாவுல செயின்ட் ஜான்ஸ் எட்ஜ். 2021ல ஏ.இ.டபிள்யூ.ங்கிற மல்யுத்தக் கம்பெனியில கையெழுத்துப் போட்டுட்டான். தப்பா? இல்லவே இல்ல. ஒடம்பு இருக்கு, அதுக்கொரு வேலையத் தேடிக்கிட்டான். புத்திசாலிப் பய. நீதான் அவன் தேர்வான ராத்திரிய மட்டும் படமா ஒட்டி வச்சிருக்க. மறுநா காலையில அவன் என்ன செஞ்சான்னு பாக்கல.

அந்தச் சின்ன லீக்குச் சம்பளம் தெரியுமா? 2016-17ல ஒரு சீசனுக்கு 19,000 டாலரு, கொஞ்சம் மேல போனா 26,000. நம்ம காசுக்கு மாத்திப் பாத்தா வாயப் பொளப்ப. பொளக்காத. அது அஞ்சு மாசக் கூலி. மிச்ச ஏழு மாசம் வயிறு லீவு போடுமா?

இன்னொருத்தன் சிம் புல்லர். கனடாவுல பொறந்த பஞ்சாபி. ஏழடி அஞ்சங்குலம். 2015 ஏப்ரல்ல சாக்ரமெண்டோ கிங்ஸ் கூப்பிட்டு வேலை குடுத்துச்சு. எத்தன நாளைக்கு? பத்தே நாளைக்கு. பேரே பத்து நாள் ஒப்பந்தம். பத்து முடிஞ்சா இன்னொரு பத்து குடுக்கலாம். அதுக்கு மேலயும் அந்த டீமுக்கு ஆளு வேணும்னா சீசன் முடியிற வரைக்கும் எழுதிக் குடுக்கணும். இல்லன்னா பெட்டியக் கட்டு. கொளத்து மேட்டுல நூறு நாள் வேலைக்குப் போன ஒன் அத்தைமாரப் பாத்து நீ கேலி பண்ணுவ. அவுக நூறு நாளையும் முழுசாக் குடுன்னு அதிகாரிகிட்டச் சண்ட போட்டவுக. உன் பெரிய லீக்குல பத்து நாளைக்கே கும்புடு போடணும். இப்பச் சொல்லு, கெட்டிக்காரி யாரு?

புல்லர் மூணு மேச்சு எறங்குனான். மூணுலயும் சேத்து சுமாரா மூணு நிமிசம், ரெண்டு பாயிண்டு. என்.பி.ஏ.வுல ஆடுன மொத இந்திய வம்சாவளி ஆளுன்னு பேரு நின்னுபோச்சு. பேரு சோறு போடுமா? பய தைவானுக்குப் போனான். அங்க போயி வருசக்கணக்கா ஆடிச் சம்பாதிச்சான். தைவான்னா உனக்கு எளக்காரம். அவனுக்கு அதுதான் அரிசி.

ஊரூராப் போறவனத் தோத்தவன்னு நெனைக்காத. இஷ் ஸ்மித்துனு ஒருத்தன். ஒசரம் ஆறடிதான். 2010 டிராப்டுல எவனும் அவன எடுக்கல. ஆனா மொத்தம் 13 டீமுக்கு ஆடிட்டான். என்.பி.ஏ.வுல அம்புட்டு டீம் பாத்தவன் வேற எவனும் இல்ல. 13வது டீம் டென்வர். 2023ல கோப்பையும் வாங்கிட்டான். பதிமூணு பேரு வெரட்டி விட்டாய்ங்கன்னு நீ சொல்லுவ. பதிமூணு பேரு கூப்பிட்டாய்ங்கன்னு நான் சொல்றேன். பாட்டுக்காரனா இருந்தாலும் கொத்தனாரா இருந்தாலும் மறுபடி கூப்பிடுறாய்ங்கன்னா வேல தெரியும்னு அர்த்தம். வேல தெரியாதவனுக்கு எவன் பஸ் சார்ஜு குடுப்பான்?

"நம்ம நாட்டுலயே லீக்கு இருக்கே தாத்தா"ங்கிற. இருந்துச்சு. 2015ல யு.பி.ஏ.னு ஒண்ணு வந்துச்சு. சென்னை ஸ்லாம்னு டீமெல்லாம் வச்சு ஒரே அலப்பறை. 2017க்கு அப்புறம் ஆளக் காணோம். 2022ல ஐ.என்.பி.எல்.னு இன்னொண்ணு. அதுல சென்னை ஹீட். நல்லா நடக்கட்டும், நம்ம சௌந்தரராஜப் பெருமாளுக்கு நானே ஒரு துளசி மாலை சாத்துறேன். ஆனா லீக்கு எம்புட்டு வருசம் நிக்கும்னு தெரியாது. உன் முட்டி எம்புட்டு வருசம் நிக்கும்னும் தெரியாது. இந்த ரெண்டையும் சொல்லி நான் உனக்குப் பொண்ணு கேக்கப் போக முடியுமா?

அப்ப இங்க பந்தாடுறவனுக்குச் சோறு எங்கருந்து வருது? தூரமாப் போகவேணாம், பெரியகுளத்துக்குப் போ. சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப்புக்காரவுக வருசா வருசம் அகில இந்தியப் போட்டி வைக்கிறாக. மைக்குல சொல்றதக் காது குடுத்துக் கேளு. இந்தியன் ஓவர்சீஸ் பேங்கு ஆடுதும்பாக. கடற்படை ஆடுதும்பாக. கேரளா மின்சார வாரியம் ஆடுதும்பாக. கப்பலுக்கும் கரண்டுக்கும் மேச்சு! கேக்கச் சிரிப்பாத்தான் இருக்கும். ஆனா அந்தச் சட்டைக்குள்ள ஓடுற ஒவ்வொருத்தனுக்கும் ஒண்ணாந்தேதி சம்பளம் வருது. நம்ம நாட்டுல பந்து பந்துக்காரனுக்குச் சோறு போடல அப்பு. பேங்கும் ரயிலும் போட்டுச்சு.

கீது அன்னா ஜோஸ்னு ஒரு பிள்ள. கோட்டயத்துப் பக்கம். வேல நம்ம தெற்கு ரயில்வேயில, சென்னையில. அங்கருந்துக்கிட்டே ஆஸ்திரேலியாவுக்குப் போயி ரிங்வுட் ஹாக்ஸுக்கு ஆடுச்சு. 2011ல அமெரிக்காவுல பொம்பளப் பிள்ளைக லீக்குல மூணு டீமு சோதிச்சுப் பாக்கக் கூப்பிட்டுச்சு. சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ. எதுலயும் எடம் கெடைக்கல. நீயா இருந்தா சோகப் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வச்சிருப்ப. அந்தப் பிள்ள திரும்பி வந்து இந்தியாவுக்கு ஆடுச்சு. 2014ல அர்ஜுனா விருது. தைரியமா வெளிய போக முடிஞ்சது எதனால? திரும்பி வர ஒரு மேசை இருந்துச்சு, அதனால.

அனிதா பால்துரை இருக்கே, சென்னைப் பிள்ள. அதுக்கும் தெற்கு ரயில்வேதான். பத்தொம்பது வயசுலயே இந்தியாவுக்குக் கேப்டன். ஒம்போது ஆசியப் போட்டி ஆடிருக்கு. நடுவுல கல்யாணம், பிள்ளப்பேறு. பெத்துட்டு மறுபடி வந்து ஆடுச்சு. 2021ல பத்மஸ்ரீ. பத்து நாள் ஒப்பந்தக்காரன் பிள்ளப்பேறுக்கு லீவு குடுப்பானா? கேட்டுப் பாரு.

"பேங்குல உக்காந்தா என் கனவு செத்துரும் தாத்தா"ன்னு மூஞ்சியத் தூக்காத. கணக்குப் போடு. இருவத்திரண்டு வயசுல சேந்தா முப்பத்தஞ்சு வரைக்கும் ஓடலாம். ஆடுனது பதிமூணு வருசம். பெறகு அறுவது வரைக்கும் இருவத்தஞ்சு வருசம் சீட்டுல உக்காந்து சம்பளம். கவுண்டருக்கு அங்கிட்டு நிக்கிற கெழவிக்கு நீ இந்தியாவுக்கு ஆடுனது தெரியாதுதான். "தம்பி, வெரசாப் பாஸ்புக்க அச்சடிச்சுக் குடு"ம்பா. அடிச்சுக் குடு. கவுரவமா குறைஞ்சுபோச்சு?

கூழுக்கும் ஆச, மீசைக்கும் ஆசன்னு சொல்வாக. அதச் சொல்லிக் கேலி பண்ணுவாக. நான் பண்ண மாட்டேன். ரெண்டும் இருக்கட்டும். மொதல்ல கூழக் காச்சு, பெறகு மீசைய முறுக்கு. உன் ஏஜெண்ட் உனக்கு மீசைய மட்டும் விக்க வருவான்.

அதனால நாளைக்கே விளையாட்டு விடுதிக்கு மனு எழுதிப் போடு. எடம் கெடச்சா பந்தும் கெடைக்கும், படிப்பும் கெடைக்கும், சாப்பாடும் கெடைக்கும். மாநில டீமுக்கு ஆடு. சர்ட்டிபிகேட்ட லேமினேட் பண்ணி ஒங்காத்தா பொட்டியில வையி. அரசாங்க வேலையில விளையாட்டுக்காரவுகளுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு வச்சிருக்காக. அந்த வரிசையில மொத ஆளா நில்லு. பெறகு ஜப்பான்காரன் கூப்பிட்டாலும் போ. தைவான்காரன் பத்து நாளைக்குக் கூப்பிட்டாலும் போ. கூப்பிட்ட எடத்துக்குப் போறது பெருமதான். ஆனா கெளம்புறப்ப ஆபீசருக்கு ஒரு தாள் எழுதுவீல்ல, அதுல மட்டும் கவனமா இரு. ராசினாமா எழுதாத. லீவு எழுது.