வராத மாணவன் பெயிலாவது ஏன்? — ஐஐஎஃப் மரபு குறித்து ஒரு முன்னாய்வு

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் 1992 நவம்பரில் வெளிவந்தது. அதன் குவெரியில், அதாவது தரவைக் கேட்டெடுக்கும் வினவலில், நிபந்தனை போட்டு விடை பொறுக்கும் அறிஞர்கள், தாம் கையாளும் சார்பின் (function) பெயரால் ஐஐஎஃப் (IIf), ஸ்விட்ச் (Switch), சூஸ் (Choose) என முப்பிரிவினர் ஆவர்.

ஐஐஎஃப் பிரிவினரே பெரும்பான்மையர். நிபந்தனை, ஆம் எனில் ஒன்று, இல்லையெனில் மற்றொன்று, மூன்றே உறுப்பு. மதிப்பெண் 35 அல்லது அதற்கு மேல் என்றால் ‘பாஸ்’, இல்லையென்றால் ‘பெயில்’. குற்றமற்ற சூத்திரம்தான், பரீட்சைக்கு எல்லோரும் வந்திருந்தால். வராதவனின் கட்டம் காலி. அந்தக் காலி பூஜ்யம் அன்று, நல் (Null), அதாவது மதிப்பே இல்லாமை. நல்லை 35-உடன் ஒப்பிட்டால் ஆமும் வராது, இல்லையும் வராது; திரும்பவும் நல்லே வரும். ஐஐஎஃபோ, ஆம் அல்லாதது எல்லாம் இல்லையே எனத் தீர்ப்பெழுதிவிடும். காய்ச்சலில் படுத்தவன் பெயில். பரீட்சையே நடக்காத பாடத்தில் வகுப்பு முழுவதும் பெயில். முதலில், நல்தானா என்று கேட்கும் இஸ்நல் (IsNull) கொண்டு விசாரித்துவிட்டே மதிப்பெண்ணைத் தொட வேண்டும் என்பது நமது துணிபு.

கிரேடு போடப் புகுந்தவர் ஐஐஎஃபுக்குள் ஐஐஎஃபைச் செருகி, இறுதியில் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவரைக் கடைத்தேற்றுவது ஸ்விட்ச். நிபந்தனையும் விடையும் சோடி சோடியாக வரும். முதலில் பொருந்துவதே செல்லும். ஆகவே 35-க்கு ‘பாஸ்’ என்பதை முன்னும் 60-க்கு ‘பர்ஸ்ட் கிளாஸ்’ என்பதைப் பின்னும் எழுதினால், நூற்றுக்கு நூறு வாங்கியவளும் வெறும் பாஸ்தான். எதுவும் பொருந்தாவிட்டால் மறுபடியும் நல். அதைத் தடுக்கக் கடைசி நிபந்தனையாக, எப்போதும் பொருந்தும் ‘ட்ரூ’ (True) என்று எழுதி அதற்கொரு விடையும் வைப்பது சான்றோர் வழக்கு.

சூஸ், 1, 2, 3 என்று எண் சொன்னால் அந்த இடத்துப் பொருளை எடுத்துத் தரும். பூஜ்யம் சொன்னால் நல். இதற்குமேல் அதில் ஆய இடமில்லை.

ஐஐஎஃப் இரு விடைகளையும் கணக்கிட்டுப் பார்க்குமா என்பது நெடுநாள் வழக்கு. இரு தரப்பும் சரி. அக்சஸின் நிரல்மொழியான விபிஏ (VBA) மாட்யூலில் எழுதினால் இரண்டையும் கணக்கிடும். பூஜ்யத்தால் வகுபடாமல் காக்க எழுதிய வரி, பூஜ்யத்தால் வகுத்தே நின்றுபோகும். குவெரியில் எழுதினால் தேவையான பக்கத்தை மட்டும் பார்க்கும்.

மைக்ரோசாஃப்டின் மற்றொரு தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வர் (SQL Server) தன் 2012 பதிப்பில் ஐஐஎஃபையும் சூஸையும் சேர்த்துக்கொண்டது. ஸ்விட்ச்சுக்கு மட்டும் அழைப்பில்லை. அதே வேலையைச் செய்யும் கேஸ் (CASE) என்னும் பங்காளி அங்கே முன்பே பட்டா வாங்கிக் குடியிருந்தார்.